ஆற்றுக்கு அக்கரையில் இருபது கண்ணி நிலம்

இதை எழுத உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, பதினோரு வருஷம் போய்விட்டது. ஒவ்வொரு தைக் கிருத்திகைக்கும் "இந்த வருஷம் எழுதிவிடுகிறேன் அப்பா" என்று முருகனிடம் சொல்லுவேன். பங்குனி பிறப்பதற்குள் ஏதாவது சாக்கு வந்துவிடும். நான் படித்தது நாலாவது பாரம் வரைக்கும்தான். வாக்கியம் கோணினால் படித்தவர்கள் சிரிப்பார்களே என்பது ஒரு சாக்கு. உண்மைக் காரணம் அது இல்லை. இதில் ஒரு பெரிய தப்பு நடந்திருக்கிறது. அதைச் செய்தவன் நான். இப்போது உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். பெண்களுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. இனிமேலும் ஒளித்து வைத்தால் அது வெட்கம் இல்லை, கள்ளத்தனம்.

நான் சர்க்கார் சர்வேயராக இருந்தேன். சங்கிலி போட்டு நிலத்தை அளந்து, அளவைப் புத்தகத்தில் எழுதி, அதைப் படமாக்கிக் கொடுப்பது என் வேலை. சொந்த ஊர் காவேரிப்பாக்கம். வாசலில் நின்றால் ஏரிக்கரை தெரியும். நல்ல மழைக்காலத்தில் அலை அடிக்கிற சத்தம் வீட்டுக்குள் கேட்கும். தண்ணீருக்கு அலைந்தவர்கள் என்று எங்கள் தெருவில் ஒருவரும் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன் தண்ணீர் இல்லாத இடத்தை அளக்கப் போனால், அவனுக்குக் கண் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு வந்த உத்தரவு இதுதான். ஆம்பூருக்கு எதிரே, பாலாற்றுக்கு அக்கரையில், பேரணாம்பட்டுப் போகிற திசையில் ஒரு கிராமம். அங்கே தோல் பதனிடும் இடம் வைத்திருக்கிற ஒரு சாயபு தம் நிலத்தைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறார். சுவருக்குள்ளே பக்கத்துச் சேரிக்காரர்களின் குடிதண்ணீர்க் கிணறு போய்விட்டது. கிணறு புறம்போக்கில் இருக்கிறது, அதாவது சர்க்கார் பொது நிலத்தில் இருக்கிறது என்று அவர்கள் மனுக் கொடுத்திருக்கிறார்கள். போய் அளந்து எல்லையைக் காட்ட வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கிராமத்தை அளந்து எழுதியவனே நான்தான். ஆகையால் இது ஒரு நாள் வேலை என்று நினைத்தேன்.

என் வீட்டம்மாள் புளிச்சோறு கட்டிக் கொடுத்து, விபூதிப் பையை இடுப்பில் செருகிவிட்டு, "தோல் ஊருக்குப் போறீங்க, வேட்டி நாலு எடுத்துக்கோங்க" என்றாள். இரண்டுதான் எடுத்துக்கொண்டேன். அது முதல் பிசகு.

என்னோடு வந்தவர் முனுசாமி. பதினைந்து வருஷமாக எனக்குச் சங்கிலி பிடிக்கிறவர். வேலூர்க் கோட்டைக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவர். என்னைவிட இரண்டு வயது பெரியவர், வாய் பத்து வயது பெரியது. ரயிலில் சங்கிலி மூட்டையைக் காலடியில் வைத்திருந்தோம். காட்பாடியில் ஒரு போலீஸ்காரர் ஏறினார். வண்டி குலுங்கும்போதெல்லாம் மூட்டையும் கலகலத்தது.

"மூட்டையில இன்னா?" என்றார்.

"சங்கிலிங்க."

"எந்த ஜெயிலுக்கு?"

"மனுசனுக்குப் போடறது இல்லீங்க" என்றார் முனுசாமி. "நெலத்துக்குப் போடறது. ஓடிப் போவாம இருக்க."

எதிரே உட்கார்ந்திருந்த வெற்றிலை வியாபாரி சிரிக்காமல், "நெலம் எங்கய்யா ஓடுது? நெலத்துக்காரன்தான் ஓடறான்" என்றார். பெட்டி முழுவதும் சிரித்தது. போலீஸ்காரரும் சிரித்து, அந்த வியாபாரியிடமே ஒரு வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

ஆம்பூரில் இறங்கியதும் வீட்டம்மாள் சொன்னது ஞாபகம் வந்தது. பச்சைத் தோல் வாடை ஒரு பக்கம், சுண்ணாம்பு நெடி ஒரு பக்கம். ஆனால் நடுவே ஆவாரம்பட்டை ஏற்றிய வண்டி ஒன்று கடந்து போனபோது, மழை பெய்த காட்டு வாசனை வந்தது. அதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. கெட்ட வாடையைப் பற்றி மட்டும் ஊரெல்லாம் சொல்லிவைக்கிறார்கள்.

சத்திரத்தில் தங்கினோம். சாப்பாடு கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும். எங்கள் பக்கத்தில் நெல் சோறுதான். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. பரிமாறிய அம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது இன்னா கரும்பா, இந்த மென்னு மெல்றீங்களே" என்றாள். அன்று விழுங்கக் கற்றுக்கொண்டது இன்றைக்கும் உதவுகிறது.

மறுநாள் காலையில் பேரணாம்பட்டு மோட்டார் வரவில்லை. டிரைவருக்குக் காய்ச்சலாம். தோல் ஷாப்புக்குச் சுண்ணாம்பு ஏற்றிக்கொண்டு போகிற மாட்டுவண்டி ஒன்றில் ஏறிக்கொண்டோம். அந்தப் பக்கத்தில் தோல் பதனிடும் இடத்தை ஷாப் என்றுதான் சொல்லுகிறார்கள். நீற்றாத சுண்ணாம்புக்கல், கூடை கூடையாக. கூடைகளுக்கு நடுவே சங்கிலி மூட்டையைச் செருகிவிட்டு, புத்தகமும் படமும் இருந்த தகரக் குழலை நான் மடியில் வைத்துக்கொண்டேன்.

பாலாற்றில் தண்ணீர் ஓடுகிறதை நான் அதிகம் பார்த்ததில்லை. மணலுக்கு அடியில்தான் அது ஓடும். குடியானவர்கள் மணலைத் தோண்டி ஊற்றுக்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுபோவார்கள். நடு ஆற்றில் அப்படி ஒரு காலில் வண்டிச் சக்கரம் இறங்கி, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடிக்கூடை தண்ணீரைத் தொட்டது. அவ்வளவுதான். நூறு தோசைக்கல்லில் ஒரே சமயத்தில் தண்ணீர் தெளித்தது போல ஒரு சத்தம். புகை கிளம்பிவிட்டது.

"குதிங்க! சுண்ணாம்பு பொங்குது!" என்று வண்டிக்காரர் கத்தினார். மாடுகள் மிரண்டு நுகத்தை இழுத்தன. நான் தகரக் குழலோடு எட்டப் போய் மணலில் நின்றேன். வண்டிக்காரர் என்னைப் பார்த்து, "சர்வேயரா இருந்தா இன்னா, கவர்னரா இருந்தா இன்னா, வந்து தள்ளுங்க!" என்றார். தள்ளினேன். சங்கிலி மூட்டையை முனுசாமி இழுத்துப் போட்டபோது அது வெள்ளைச் சேறு பூசிக்கொண்டு கிடந்தது. என் வேட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மிச்சம் இருந்தது ஒன்று.

கிராமத்துக்குப் போய்ச் சேரும்போது பகல் ஏறிவிட்டது. கர்ணம் வந்து வரவேற்றார். ஊர்க் கணக்கு எழுதுகிற அவர் மெலிந்த மனிதர், எதற்கும் "ரெக்கார்டுப்படி" என்பார். சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. சேரிக்கும் கிணற்றுக்கும் நடுவே அது நேராகப் போயிற்று. ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரே ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். அதன் வழியாகத்தான் பெண்கள் குடத்தோடு போய் வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அந்த இடைவெளியையும் அடைத்துவிடப் போவதாக மேஸ்திரி சொன்னார். அன்று புதன்கிழமை.

வேலையை உடனே தொடங்கினேன். ஊர்ப் பக்கத்தில் இரண்டு பெரிய சர்வே கற்கள் இருந்தன. இரண்டுக்கும் நடுவே நேர்க்கோடு போட்டு, கிணற்றுக்கு நேராக வந்ததும் அந்தக் கோட்டிலிருந்து பக்கவாட்டில் அளந்தால், சாயபு நிலத்தின் விளிம்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியும். என் புத்தகத்தில் என் கையெழுத்தில் நாற்பது கண்ணி என்று இருந்தது. சங்கிலியின் ஒவ்வொரு வளையத் துண்டையும் கண்ணி என்போம். நாற்பது அளந்து குச்சி அடித்தேன். குச்சி சுவரின் அஸ்திவாரத்தை உரசிக்கொண்டு நின்றது. அடி பிசகவில்லை. கிணறு அதற்கு அப்பால் இருந்தது.

"ரெக்கார்டுப்படி சரி" என்றார் கர்ணம்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். பெயர் எல்லம்மா. நாற்பது வயது இருக்கும். கை முழுக்க ஆவாரம்பட்டைச் சாயம். அதே சாயபுவின் ஷாப்பில் பட்டை இடிக்கிறவள். மனுவில் முதல் கைநாட்டு அவளுடையது. வேலை கொடுக்கிறவர் மேலேயே மனுப் போட்டவள்.

"கெணறு எந்தப் பக்கம் சாமி?"

"படத்தின்படி ஷாப்புப் பக்கம்."

"படம் தண்ணி எறைக்குமா?"

அவளுக்குக் கோபத்தில் மரியாதை கழன்றுவிட்டது. "நீ ஒரு நா வந்து சங்கிலி போட்டுட்டுப் போயிடுவ. எங்க கவுறு இருவது வருசமா அந்தக் கெணத்துல எறங்கி ஏறுது. அங்க கள்ளி வேலி இருந்துச்சு, கெணத்துக்கு அந்தாண்ட. எல்லை அதுதான்னு கொழந்தைக்குக் கூடத் தெரியும். கர்ணத்தக் கேளு, கவுத்தக் கேளு."

"கள்ளி ரெக்கார்டுல இல்லை" என்றார் கர்ணம். அது உண்மை.

எல்லம்மா இரண்டு சொம்பு கொண்டுவந்தாள். "இத மட்டும் குடிச்சிட்டுப் போங்க. அப்புறம் எழுதிக்கோங்க." கர்ணம் என் காதருகே வந்து, "ஐயா, வேணாம்" என்றார். அவர் எதைச் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியும். நான் அதுவரைக்கும் சேரியில் தண்ணீர் வாங்கிக் குடித்தவன் இல்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஊருக்குள் இருக்கிற கிணற்றில் அவர்கள் இறைக்கக் கூடாது என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்தும் அன்றைக்கு வரைக்கும் அதை நான் ஒரு விஷயமாக நினைத்ததில்லை.

முதல் சொம்பு ஷாப்புக்குக் கீழ்ப்புறம் இருக்கிற இன்னொரு கிணற்றுத் தண்ணீர். ஒரு வாய்க்கு மேல் முடியவில்லை. உப்பும் கசப்புமாக, நாக்கில் சுண்ணாம்பு அப்பின மாதிரி. தோல் கழுவின தண்ணீர் வருஷக்கணக்காக அந்த மண்ணில் இறங்கியிருக்கிறது. இரண்டாவது சொம்பு சுவருக்குள் போன கிணற்றுத் தண்ணீர். இளநீர் மாதிரி இருந்தது. முழுவதையும் குடித்தேன். குடித்து முடித்ததும் எனக்குத் தலை நிமிரவில்லை. ஏனென்றால் என் புத்தகம் நாற்பது என்றுதான் சொல்லுகிறது.

"அளவு அளவுதான் அம்மா" என்று மட்டும் சொன்னேன். எனக்கே அது பிடிக்கவில்லை.

மறுநாள் கிருத்திகை. எனக்கு விரதம். தங்கியிருந்த சாவடியில் பொழுது விடிந்ததும் குளித்து விபூதி பூசி, கந்தனை நினைத்து உட்கார்ந்தேன். முனுசாமி பக்கத்தில் புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு, சுண்ணாம்பு அப்பியிருந்த சங்கிலியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பித்தளைத் தகடுகள் ஒவ்வொன்றாகப் பளபளவென்று வந்தன.

இந்தத் தகடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கிலிக்கு நூறு கண்ணி. பத்துக் கண்ணிக்கு ஒரு தகடு தொங்கும். பத்தாவதுக்கு ஒரு பல், இருபதாவதுக்கு இரண்டு பல், முப்பதுக்கு மூன்று, நாற்பதுக்கு நாலு. நடுவில் ஐம்பதுக்கு வட்டத் தகடு. அப்புறம் மறுபாதியில் அதே வரிசை தலைகீழாக வரும். எந்த முனையைப் பிடித்தாலும் அளக்க வசதியாக இருக்கட்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள்.

முனுசாமி ஒரு தகட்டைத் தேய்த்தபடி, தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்: "நாலு பல்லு. இப்பிடிப் புடிச்சா நாப்பது, அப்பிடிப் புடிச்சா அறுவது. எங்க மாமியார் மாதிரி, ரெண்டு பக்கமும் பேசும்."

தியானத்தை விட்டுவிட்டுத் தகரக் குழலை இழுத்தேன்.

அளவைப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். நாற்பது என்கிற எண்ணைத்தான் முந்தின நாள் பார்த்தேனே தவிர, பக்கத்தில் கையால் போட்டிருந்த வரைபடத்தைப் பார்க்கவில்லை. அதில் கிணற்றுக்கு ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தேன். வட்டம் எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம், சேரிப் பக்கம் இருந்தது. நாற்பது சரியென்றால் அந்த வட்டம் கோட்டுக்கு அந்தப் பக்கம் அல்லவா இருக்க வேண்டும்? ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் கை கண்டதை வரைந்திருக்கிறது. என் கண் அறுபதாவது தகட்டைப் பார்த்து, நாலு பல் என்று எண்ணி, நாற்பது என்று படித்திருக்கிறது. ஆபீஸில் படம் போடுகிறவர் எண்ணைத்தான் நம்புவார், வட்டத்தை நம்பமாட்டார். அது அவர் தப்பு இல்லை. இருபது கண்ணி, பதின்மூன்று அடி, ஒரு கிணறு.

முனுசாமியிடம்கூடச் சொல்லவில்லை. ஒருவரும் என்னைக் கேட்கப் போவதில்லை. "ரெக்கார்டுப்படி சுவர் சரி" என்று ஒரு வரி எழுதினால் மேலே கையெழுத்தாகிவிடும். மேல் உத்தியோகத்துக்கு அந்த வருஷம் என் பெயர் போயிருந்தது. மூத்த பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். பெண் கேட்டு வருகிறவர்கள் தகப்பன் உத்தியோகத்தைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். முருகா, வழி காட்டு என்று கண்ணை மூடினேன். வேலும் தெரியவில்லை, மயிலும் தெரியவில்லை. அந்த முதல் சொம்புத் தண்ணீரின் கசப்புத்தான் நாக்கில் வந்தது. அது போதும் என்று எழுந்தேன்.

"முனுசாமி, கடப்பாரை எடும்" என்றேன்.

கர்ணத்தையும் கூட்டிக்கொண்டு போய், கோட்டிலிருந்து அறுபது கண்ணி அளந்து, கிணற்றுக்கு அப்பால் தோண்டினோம். முழங்கை ஆழத்தில் கள்ளி வேர்கள் வந்தன. தீய்ந்து கறுத்த தூர்கள். சுவர் கட்டுகிறவர்கள் மேலே வெட்டிக் கொளுத்தியிருக்கிறார்கள், அடியில் இருந்ததை விட்டுவிட்டார்கள். அங்கே ஒன்று, மூன்று முழம் தள்ளி ஒன்று, அதற்கப்பால் ஒன்று. கயிறு பிடித்த மாதிரி நேர் வரிசை. கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறிப்பது நம் நாட்டில் எத்தனையோ காலத்து வழக்கம். கர்ணம் குனிந்து பார்த்தார். "ரெக்கார்டுப்படி..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

அங்கிருந்து நேரே ஷாப்புக்குப் போனேன். சாயபு வெயிலில் நின்றுகொண்டு, பதனிட்ட தோல் ஒன்றைச் சூரியனுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தி பட்ட ஓட்டை இருந்தால் அப்போது வெளிச்சம் தெரிந்துவிடுமாம். வயதானவர், வெள்ளைத் தாடி. வேலையாட்களுக்குப் பெரிய தேக்சாவில் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. விரத வயிற்றுக்கு அந்த வாசனை ஒரு தனிச் சோதனை. உட்காரச் சொல்லி இலை போடச் சொன்னார்.

"இன்றைக்கு விரதம்" என்றேன்.

"அப்டியா? நல்லது. நோன்பு வெச்சவன் வாயில பொய் வராது. சொல்லுங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். தகட்டைக் காட்டினேன், புத்தகத்தைக் காட்டினேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற மானேஜர் அவரிடம் ஹிந்துஸ்தானியில் ஏதோ வேகமாகப் பேசினார். சாயபுவும் அதே பாஷையில் பதில் சொல்லிச் சிரித்தார். முனுசாமிக்கு அந்தப் பாஷை தாய்ப்பால் மாதிரி. என் காதில் மொழிபெயர்த்தார்: "சேரிக்காரங்க கிட்ட நீங்க காசுக்குக் கை நீட்டிட்டீங்களான்னு மானேஜர் கேக்கறாரு. 'அவங்க கிட்ட குடுக்க இன்னா கீது, தண்ணியா?'ன்னு சாயபு சொல்றாரு."

தண்ணீர்தான் கொடுத்தார்கள் என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சாயபு தோலை மடித்துக் கீழே வைத்தார். "சர்வேயரே, உங்க படத்தை, நக்‌ஷாவைப் பாத்துத்தான் நான் இந்த ஜமீனை வாங்கினேன். நக்‌ஷாவைப் பாத்துத்தான் செவுரு வெச்சேன். அடுத்தவன் தண்ணி எனக்கு வேணாம். ஆனா இன்னிக்கு நீங்க வந்து அறுவதும்பீங்க, நாளைக்கு இன்னொருத்தர் வந்து எம்பதும்பாரு. பேஜாரு. எழுதிக் குடுப்பீங்களா?"

"கொடுக்கிறேன்."

"உங்க பேரு போட்டு? தப்பு உங்களுதுன்னு?"

"ஆமாம்."

"முப்பது வருசமா தோல் வாங்கறேன். இங்க ஒரு ஓட்டை கீதுன்னு விக்கறவனே காட்டினது கெடயாது" என்றார். அப்புறம் வியாபாரியாகவே பேசினார்: "உங்க பெரிய அதிகாரி கையெழுத்து வர்ற வரைக்கும் செவுர இடிக்கமாட்டேன். ஆனா வழிய அடைக்கவும் மாட்டேன். வெள்ளிக்கெழம இல்ல, எந்தக் கெழமையும் அடைக்கமாட்டேன். சரிதானா?" மானேஜரைப் பார்த்து, "பட்டை இடிக்கிற எல்லம்மாவை யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது" என்று தமிழிலேயே சொன்னார். நாங்கள் கேட்கட்டும் என்றுதான் அதைத் தமிழில் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அங்கேயே ஒரு பலகையில் உட்கார்ந்து எழுதினேன். எங்கள் இலாகாவில் அளவைப் புத்தகத்தில் சுரண்டி அழிக்கக் கூடாது. தப்பின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாற்பதின் மேல் கோடு இழுத்தேன். பக்கத்தில் அறுபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திரும்புகிறபோது மோட்டார் கிடைத்தது. பேரணாம்பட்டிலிருந்து பீடிக் கட்டுகளோடு வந்த வண்டி. டிரைவர் காய்ச்சல் தெளிந்து, கம்பளி சுற்றிக்கொண்டு ஓட்டினார். தெலுங்கு பேசுகிற ஓர் அம்மாள் தன் கோழியை என் மடியில் வைத்து, கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். இரண்டாவது வேட்டியும் போயிற்று.

வீட்டுக்கு வந்து வீட்டம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மேல் உத்தியோகம்?" என்றாள். "போகலாம்" என்றேன். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "போனா போவுது. அந்தப் பொம்பளைக்கு எத்தினி கொழந்தைங்க?" என்று கேட்டாள். அதை நான் விசாரித்திருக்கவில்லை. "அது கூடக் கேக்காம இன்னா அளந்தீங்க" என்றாள்.

மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்தார். "யாரும் உன்னைக் கேட்கவில்லையே, நீயாக ஏன் எழுதினாய்?" என்றார். "கிணற்றைச் சேரிப் பக்கம் வரைந்திருந்தேன் ஐயா" என்றேன். அவர் தாமே ஸ்தலத்துக்குப் போய்ச் சங்கிலி போட்டுப் பார்த்தார். என் கவனக்குறைவு என்று சர்வீஸ் புத்தகத்தில் ஏறியது. அந்த வருஷத்து மேல் உத்தியோகம் என்னிடம் வேலை கற்றவர் ஒருவருக்குப் போயிற்று. எனக்கு வர நாலு வருஷம் ஆயிற்று. வந்தது. பெண்ணுக்கு வரனும் வந்தது.

படத்தைத் திருத்தும் உத்தரவு ஆறு மாதத்தில் கிடைத்தது. கல் நட நானே போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். முனுசாமி ஒரு முனையைப் பிடித்தார், நான் ஒரு முனையைப் பிடித்தேன். எல்லம்மா வந்து நடுவே நின்றாள்.

"சாமி, இந்தத் தடவ நல்லாப் பாத்துப் படிப்பீங்களா?"

"படிப்பேன்."

"வேணாம். அந்தப் பல்ல நாங்க நம்பறதா இல்ல. நாங்களே எண்றோம்."

கோட்டில் இருந்த முதல் கண்ணியைக் காலால் தொட்டு "ஒண்ணு" என்றாள். மற்றப் பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவளோடு நடந்தார்கள். ஒவ்வொரு கண்ணியாகத் தொட்டு எல்லோரும் உரக்க எண்ணினார்கள். முப்பத்தைந்து, முப்பத்தாறு. நாற்பதில் சுவர் இருந்த தடம் வந்தது. சாயபு சொன்ன சொல்படி அதை எடுத்திருந்தார். கல்லைக் கூட விடாமல் கொண்டுபோய் உள்ளே அடுக்கியிருந்தார். நாற்பத்தொன்று என்று சொல்லும்போது குரல் கூடிற்று. ஐம்பதில் கிணறு. ஐம்பத்தொன்பது, அறுபது. அங்கே கல்லை நட்டோம். என் உத்தியோகத்தில் நான் நட்ட கற்களுக்குக் கணக்கில்லை. அவ்வளவு பேர் எண்ணி நட்ட கல் அது ஒன்றுதான். அன்றைக்கு எல்லம்மாவுக்கு எத்தனை குழந்தைகள் என்றும் கேட்டுக்கொண்டு வந்தேன். மூன்று.

இந்த வருஷம் ஆடி மாதம் திருத்தணிக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே இருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்குக் கதை சொன்னார். "ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஊரு. சர்வேயர் கெணத்தைத் தூக்கி சாயபுக்கு எழுதிட்டான். ராத்திரியோட ராத்திரியா கெங்கையம்மன் கல்ல நவுத்தி வெச்சிட்டா. காலைல பாத்தா சர்வேயர் ரத்தம் கக்கிச் செத்துக் கெடந்தான்." கேட்டவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். செத்த சர்வேயராகிய நான் அப்போது இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தொண்டையில் அடைத்துக்கொண்டது. அவரே முதுகைத் தட்டித் தண்ணீர் கொடுத்தார். நல்ல மனிதர். ஊருக்குத் திரும்பியதும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இதைப் படிக்கிற அன்பர்கள் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள், படி எடுத்தும் கொடுங்கள். ஒரு வேண்டுகோள்தான். எதையும் கூட்டாமல் குறைக்காமல் கொடுங்கள். என்னைப் பெரியவனாக்க வேண்டாம், ரத்தம் கக்க வைக்கவும் வேண்டாம். சாயபுவைக் கெட்டவராக்காதீர்கள். எல்லம்மாவின் பேரை விட்டுவிடாதீர்கள். நான் அம்மனை நம்புகிறவன். முருகனைக் கும்பிடாமல் ஒரு நாளும் சோற்றில் கை வைத்ததில்லை. ஆனால் அந்தக் கல்லை அம்மன் நகர்த்தவில்லை. தப்பாக எழுதியவன் நான், திருத்தி எழுதியவனும் நான், எண்ணிப் பார்த்து நட வைத்தவர்கள் அந்தப் பெண்கள். அம்மன் நகர்த்தினாள் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதைக் கேட்டு வளருகிற நாளைய சர்வேயர் தம் புத்தகத்தை இரண்டாம் தடவை திறந்து பார்க்கமாட்டார்.